உருண்டைக் குண்டும் கூர்க்குண்டும் ராணி அக்காவும்

புகை விலகுவதற்கு வழக்கமாக ஐந்து விநாடி ஆகும். அன்று காற்றே இல்லாததால் பத்து விநாடிக்கு மேல் ஆனது. அவித்த முட்டையின் மணத்தோடு அந்த வெள்ளைப் புகை சுடுதிடலின் தகரக் கூரைக்குக் கீழே அசையாமல் நின்றது. நாங்களும் அதற்குப் பின்னால் அசையாமல் நின்றோம்.

புகைக்குள் இருந்து ராணி அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, பட்டதோ?"

தொலைநோக்கி என் கையில் இருந்தது. ஐம்பது மீற்றருக்கு அப்பால் மட்டையில் குத்தியிருந்த தாளைப் பார்த்தேன். பட்டிருந்தது, வட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம், கீழே. ஆனால் என்னைத் திகைக்க வைத்தது பட்ட இடம் அல்ல, ஓட்டையின் வடிவம். குண்டு துளைத்த ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். இது நெத்தலி மீன் மாதிரி நீளமாக இருந்தது.

"பட்டது அக்கா. ஆனா படுத்துக்கொண்டு போயிருக்கு."

"எது படுத்தது?"

"குண்டு."

எங்களுக்குப் பின்னால் நின்ற ஹெர் ப்ரூன்ஸ் தொண்டையைச் செருமினார். உருண்டைக் குண்டை விட்டுவிட்டுக் கூர்க்குண்டுக்கு மாறச் சொன்னவர் அவர்தான். நல்ல மனிதர். ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்கு வெளியே, காட்டோரத்தில் இருக்கும் இந்தச் சுடுகழகத்தில் முப்பது வருடமாக உறுப்பினர். தன் ஆலோசனை இப்படிப் பக்கவாட்டில் போய் விழுந்ததை அவராலும் பார்க்க முடியவில்லை.

"இன்னும் எட்டு நாள் இருக்கிறது" என்றார் ஜேர்மன் மொழியில்.

ராணி அக்கா துவக்கு என்று நாங்கள் சொல்லும் துப்பாக்கியின் அடிப்பாகத்தை நிலத்தில் ஊன்றி, அதன் வாய்க்கு மேலால் அவரைப் பார்த்தார். "எட்டு நாள் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்" என்று அதே மொழியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நெத்தலி எண்டு எழுதும்" என்றார்.

எழுதினேன்.

திகதி பற்றி ஒரு வார்த்தை

இந்தத் தொடரில் நான் திகதிகளை அள்ளி வீசுவதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர்த் தமிழ்க் கடைக்கு முதல் முருங்கைக்காய்ப் பெட்டி வந்த நாளையும் நேரத்தையும் சொன்னது அளவுக்கு மீறியது என்று ஒருவர் கோபித்திருந்தார். "திகதியைக் குறையுங்கோ, ஆக்களைக் கூட்டுங்கோ" என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார். எனவே இந்த அத்தியாயத்தில் திகதியே இல்லை. நடந்தது கிட்டடியில்தான், ஒரு இலையுதிர் காலத்தில். மற்றதெல்லாம் என் கொப்பியில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

அந்தக் கொப்பியில் ஏழு நிரல்கள். திகதி, நேரம், வெப்பநிலை, காற்று, வெடிமருந்தின் நிறை, குண்டின் நிறை, பட்ட இடம். ராணி அக்கா சுட்ட ஒவ்வொரு வெடியும் அதில் ஒரு வரி. நான் சுடுபவன் அல்ல. இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்ப்பது என் வேலை. மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன். அந்தப் பெருமையோடுதான் ஏழு நிரல்களையும் வகுத்தேன். அந்தப் பெருமைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பூசணிக்காயில் தொடங்கியது

ராணி அக்கா பீலெஃபெல்டில் ஒரு மருத்துவமனையில் தாதி. எங்களுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறார். ஐம்பது வயதுக்கு மேல்தான் வேட்டைக்கு வந்தார். காரணம் ஒரு பூசணிக்காய்.

நகர எல்லையில் அவருக்கு ஒரு வாடகைத் தோட்டத் துண்டு உண்டு. ஒரு வருடம் அங்கே கத்தரியும் பூசணியும் நன்றாக வந்திருந்தன. ஒரே இரவில் காட்டுப்பன்றிகள் வந்து உழுதுவிட்டுப் போய்விட்டன. அக்கா நகரசபை அலுவலகத்துக்குப் போய் முறையிட்டார். அங்கே இருந்தவர் பொறுமையாக விளக்கினார்: பன்றியைச் சுட வேட்டைக்காரர் வேண்டும், வேட்டைக்காரருக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், அதற்கு ஒரு வருடப் படிப்பும் மூன்று பரீட்சையும் உண்டு.

"அப்ப அந்தப் படிப்புக்கு ஒரு விண்ணப்ப ஃபோர்முலார் தாருங்கோ எண்டு கேட்டன்" என்று அக்கா எங்களுக்குச் சொன்னார். "பகிடி விடுறன் எண்டு நினைச்சார் பாவம்."

மரங்களின் பெயர், மானின் பல், நாயின் நோய், சட்டம், துப்பாக்கி என்று எல்லாவற்றையும் இரவுப் பணிக்கு நடுவில் படித்து முடித்தார். பரீட்சையில் அவரோடு இருந்த இளைஞர்களில் பாதிப்பேர் தேறவில்லை. அக்கா தேறினார். வேட்டைப் பத்திரம், ஜேர்மன்காரர் சொல்லும் யாக்ட்ஷைன், அவர் கைப்பையில் காப்புறுதி அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஏன் இடியன்?

வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு, கோலால் இடித்து, ஒரே ஒரு வெடி வைக்கும் துவக்கை எங்கள் பக்கத்தில் இடியன் என்பார்கள். கழகத்தில் முதல்முறை அதைப் பார்த்த அன்றே அக்காவுக்கு மற்றத் துவக்குகளில் ஆர்வம் போய்விட்டது.

"ஏன் அக்கா, அஞ்சு வெடி வைக்கிற துவக்கை விட்டிட்டு இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"நரம்பு தேடி ஊசி போடேக்கை எனக்கு ஒருக்காத்தான் குத்த விருப்பம். ரெண்டாந்தரம் குத்தலாம் எண்டு நினைச்சால் முதல் குத்திலை கவனம் இராது. விளங்குதே?"

விளங்கியது.

ஆனால் ஜேர்மனியில் இடியனால் வேட்டையாட ஏலாது. பெரிய விலங்குக்கு இன்ன வலுவுள்ள தோட்டா வேண்டும் என்று சட்டம். இலக்குத் தாளைச் சுடலாம், பன்றியைச் சுட முடியாது. எல்லைக்கு அப்பால் பிரான்சில் அதற்கு இடம் உண்டு. சார்லாந்து மாநிலத்து வேட்டைக்காரர் எட்டுப் பேர் அங்கே ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்து, வருடத்தில் ஒரு வார இறுதி மட்டும் இடியனால் வேட்டையாடுகிறார்கள். எட்டுக்கு மேல் ஆள் சேர்ப்பதில்லை. அக்கா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் எட்டுப் பேரில் ஒருவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஓர் இடம் காலியானது. அந்தக் குழுவின் தலைவி எல்கெ, தொழிலால் மிருக வைத்தியர், தொலைபேசியில் அக்காவிடம் சுருக்கமாகச் சொன்னார்: "ஐம்பது மீற்றர், மூன்று வெடி, மூன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழ வேண்டும். நான் உங்கள் கழகத்துக்கு வந்து பார்க்கிறேன். முடியாவிட்டால் காத்திருக்கும் இன்னொருவருக்கு இடம் போகும்."

அவர் வரவிருந்த நாளுக்கு எட்டு நாள் முன்னால்தான் நெத்தலி விழுந்தது.

பழைய வழக்கு

இந்த இடத்தில் குண்டுகள் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. மூன்று மொழிகளில் தேடி வாசித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

உருண்டைக் குண்டு என்பது ஈயத்தாலான ஒரு மாபிள், அதாவது கோலிக்குண்டு. துவக்கின் வாயைவிடச் சற்றே சிறியது. எண்ணெய் தடவிய ஒரு துணித் துண்டின் நடுவில் அதை வைத்து, துணியோடு சேர்த்து இடித்து இறக்க வேண்டும். குழலுக்குள்ளே திருகுபோலக் கோடுகள் வெட்டியிருக்கும். அந்தக் கோடுகளைப் பிடிப்பது குண்டு அல்ல, துணி. துணி சுழலும், குண்டும் சேர்ந்து சுழலும், வெளியே வந்ததும் துணி கழன்று விழும், குண்டு நேரே போகும்.

கூர்க்குண்டுக்குத் துணி வேண்டாம். நீளமானது, கனமானது, குழலோடு தானே பொருந்திக்கொள்ளும். நூற்றாண்டுக் கணக்கில் உலகம் உருண்டையைத்தான் சுட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கூர்க்குண்டு வந்து அதை ஓரம் கட்டியது. ஆனால் இடியன்காரர்கள் மட்டும் இன்றுவரை சண்டையை முடிக்கவில்லை. உருண்டைக்காரர் சொல்வார்: கிட்டத்தில் இருந்து சுட்டால் உருண்டையின் அகலமான காயத்துக்கு ஈடில்லை. கூர்க்குண்டுக்காரர் சொல்வார்: உருண்டை காற்றிலேயே களைத்துவிடும், கூர்க்குண்டு தூரம் போயும் ஆழம் போகும்.

இரண்டும் உண்மை. அதனால்தான் வழக்கு முடியவில்லை.

எல்கெயின் மூன்று வெடிக்கான பயிற்சியை அக்கா உருண்டையில் தொடங்கினார். முதல் மாதம் முழுக்க மூன்று வெடியும் தட்டுக்குள் விழுந்தன. பிறகு திடீரென்று குண்டுகள் சிதறத் தொடங்கின. ஒன்று மேலே, ஒன்று வலப்பக்கம், ஒன்று தாளிலேயே இல்லை. அப்போதுதான் ஹெர் ப்ரூன்ஸ் வந்தார். "உருண்டை அப்படித்தான், நம்ப முடியாது. கூர்க்குண்டு போடுங்கள்" என்று தன் பெட்டியில் இருந்தே பத்துக் குண்டுகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கிழமை அதைச் சுட்டு, நெத்தலியில் வந்து நின்றோம்.

கோலில் ஒட்டிய கொடி

நெத்தலியின் காரணத்தை அன்றே கண்டுபிடித்தோம். துடைக்கும் கோலின் நுனியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலின் அடிவரை இறக்கினேன். வெளியே நிற்கும் பகுதியில் ஒரு கடதாசித் துண்டைக் கொடிபோல ஒட்டினேன். கோலை மெல்ல வெளியே இழுத்தால், திருகுக் கோடுகள் அதைச் சுழற்றும். கொடி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் போதும்.

குழல் முடியும்வரை இழுத்தும் கொடி அரைச் சுற்றுத்தான் திரும்பியது.

ஹெர் ப்ரூன்ஸ் தன் துவக்கைக் கொண்டுவந்தார். அதில் கொடி ஒரு முழுச் சுற்றைத் தாண்டியது.

அவர் கொஞ்ச நேரம் இரண்டு துவக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுடையது உருண்டைக்கு வெட்டிய குழல். என்னுடையது கூர்க்குண்டுக்கு வெட்டியது" என்றார். "இதை நான் முதலே பார்த்திருக்க வேண்டும்." நீளமான குண்டு வேகமாகச் சுழன்றால்தான் மூக்கு முன்னால் நிற்கும். மெல்லச் சுழன்றால் தள்ளாடிப் படுத்துவிடும்.

பிராயச்சித்தம் போலத் தன் துவக்கையே இரவல் தருவதாகச் சொன்னார். அக்கா வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். ஹெர் ப்ரூன்ஸ் கதவு நிலையில் தலை குனிந்து போகிற உயரம். அவருக்காகச் செய்த துவக்கு. அக்காவின் கை விசைக்கு எட்டுவதற்கே கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது.

"இதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் பண்டிக்குச் சிரிப்பு வரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவருக்கு நன்றி கூறித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு அக்காவும் நானும் காரில் ஏறினோம்.

"கூர்க்குண்டு சரிவராது. அது விளங்குது" என்றார் அக்கா. "ஆனா உருண்டை ஏன் பிழைச்சது தம்பி? முதல் மாசம் நல்லாத்தானே போனது. என்ரை கையோ பிழை?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் தன் கையைப் பார்த்தார். நாளுக்கு நாற்பது பேருக்கு ஊசி போடும் கை. அந்தச் சந்தேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டாவது நிரல்

அன்று வீட்டுக்கு வந்து கொப்பியை விரித்தேன். மருந்தின் நிறை மாறவில்லை. குண்டின் நிறை மாறவில்லை. காற்றும் வெப்பநிலையும் நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒன்றுதான். ஆனால் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சரஸ்வதி பூசைக்கு முந்திய வெடிகள் எல்லாம் தட்டுக்குள். பிந்திய வெடிகள் எல்லாம் சிதறல்.

சரஸ்வதி பூசைக்கும் ஈயக் குண்டுக்கும் என்ன தொடர்பு என்று ஞாயிறு காலை வரை யோசித்தேன். விடை கிடைக்காமல் தனியே சுடுதிடலுக்குப் போனேன். அன்று சுடுவார் யாரும் இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டு, சுடும் மேடைக்கு முன்னால் உள்ள புல்லில் இறங்கினேன். துணித் துண்டுகள் குழலை விட்டு வெளியேறி எட்டுப் பத்து மீற்றரில் விழுந்துவிடும். பழகியவர்கள் அவற்றைப் பொறுக்கி, கைரேகை பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அக்காவும் நானும் அதுவரை அதைச் செய்யவில்லை. குண்டு போன இடத்தைப் பார்க்கும் அவசரத்தில் துணி விழுந்த இடத்தை யார் பார்ப்பது?

ஈரப் புல்லில் ஒன்பது துண்டுகள் கிடைத்தன. நல்ல துண்டு நடுவில் கருகி, ஓரம் பிய்ந்து, முழுசாக இருக்க வேண்டும் என்று வாசித்திருக்கிறேன். நான் எடுத்த முதல் துண்டின் நடுவில் பெரிய ஓட்டை. ஓட்டையின் விளிம்பு சாம்பலாக இல்லை. விரலால் தடவினேன். கறுப்பாக, கெட்டியாக, சின்னச் சின்ன மணிகளாக உருகி இறுகியிருந்தது.

பருத்தி உருகாது.

நான் அந்தப் புல்லிலேயே குந்திக்கொண்டேன். முதல் மாதம் அக்கா பயன்படுத்தியது அவருடைய பழைய தலையணை உறையை. அது முடிந்தபோது, "என்னட்டை ஒரு புது வேட்டி சும்மா கிடக்கு அக்கா, நூறு வீதம் கொட்டன்" என்று பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். சரஸ்வதி பூசைக்கு உடுத்த அலுமாரியில் இருந்து எடுத்து, மொரமொரப்பாக இருக்கிறதென்று உடுத்தாமல் வைத்த வேட்டி. ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. 'தூய பருத்தி' என்று பொன் எழுத்தில் ஒட்டியிருந்தது.

குசினிப் பரிசோதனை

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த வேட்டியில் ஒரு நூலை உருவி, சமையலறைக் கழுவுதொட்டிக்கு மேலே பிடித்து நெருப்புக்குச்சி கிழித்தேன். நூல் சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாக நின்றது.

என் மனைவி சாந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்? வேட்டிக்குக் கொள்ளி வைக்கிறியளோ?"

சொன்னேன். சாந்தி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏழு நிரல் போட்டியள். துணிக்கு ஏன் ஒண்டு போடேல்லை?"

துணியை நான் ஒரு பொருளாகவே நினைக்கவில்லை. மருந்தைப் புள்ளிக்கு அப்பால் இரண்டு இலக்கம் வரை நிறுத்தவன், குண்டைச் சுழற்றுவது துணி என்று மூன்று மொழியில் வாசித்தவன், தானே கொடுத்த துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை. பொன் எழுத்தை நம்பிவிட்டேன்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

மறுபக்கம் சிரிப்பு வந்தது. நீண்ட சிரிப்பு.

"அப்ப என்ரை கை பிழையில்லை?"

"இல்லை அக்கா. என்ரை வேட்டி பிழை."

"தம்பி, நல்ல காலம் நீர் அதை உடுத்துக்கொண்டு தீபாராதனைக்குக் கிட்டப் போகேல்லை."

அளந்த துணிகள்

அக்காவின் தலையணை உறைகளில் பழையது முடிந்திருந்தது. மற்றவை மெல்லியவை. துணி மெல்லிதானால் குண்டு தளரும். தடித்தால் இடித்து இறக்க ஏலாது. எங்களுக்கு வேண்டியது கிட்டத்தட்ட தசம் மூன்று மில்லிமீற்றர். என்னிடம் மைக்ரோமீற்றர் இருந்தது, குற்ற உணர்ச்சியும் இருந்தது. அன்று பின்னேரம் வீட்டில் உள்ள துணியெல்லாம் மேசைக்கு வந்தன.

தேநீர்த் துவாய்: தடிப்பு அதிகம். நான் வேலைக்குப் போடும் சேட்டு: மெல்லிது. கோயிலில் போர்த்திய பொன்னாடை: நெருப்புக்குச்சியைக் காட்டும் முன்பே சுருங்கியது. புட்டு அவிக்கும் சீலைக்கு நான் கை நீட்டியபோது சாந்தி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகு என்ன நினைத்தாரோ, அறைக்குள் போய்ச் சேலைக்கு உள்ளே கட்டும் பாவாடை ஒன்றைக் கொண்டுவந்தார். இருண்ட சிவப்பு. பல வருடம் தோய்த்து மிருதுவாகியிருந்தது.

"இதை அளந்து பாருங்கோ. யாழ்ப்பாணத்திலை தைச்சது, கலப்பில்லை."

தசம் இரண்டு ஒன்பது. நூல் எரிந்து, சாம்பலாகி, கடதாசி மணம் வந்தது.

"சாந்தி, இது உமக்கு நல்ல பாவாடையல்லோ?"

"நல்ல பாவாடைதான். அக்கா வேட்டைக்குப் போகட்டும்."

ஓரத்தை நான் வெட்டினேன். தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து உருக்கி, துண்டுகளைத் தோய்த்து எடுத்தோம். குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடுவது ஜேர்மனியில் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் ஒரு தொல்லை. இந்த வேலைக்கு மட்டும் அது வசதி: துண்டுகள் சொட்டாமல் தகரப் பெட்டியில் அடுக்காக இருந்தன.

புதன்கிழமை பகலில் சுட்டுப் பார்த்தோம். மூன்றும் தட்டுக்குள். மூன்று சிவப்புத் துண்டுகளும் பச்சைப் புல்லில் செவ்வரத்தம் பூப்போலக் கிடந்தன. தேட வேண்டிய அவசியமே இல்லை. ஹெர் ப்ரூன்ஸ் ஒன்றைக் கையில் எடுத்து விரித்து, "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். "தனியார் சேகரிப்பு" என்றேன்.

மூன்று வெடி

ஞாயிறு காலை எல்கெ வந்தார். உயரம் குறைந்த, நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டிய பெண். கையில் ஒரு வெள்ளைக் கடதாசித் தட்டு. தானே போய் அதை மட்டையில் குத்திவிட்டு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

முதல் வெடி. புகை. தொலைநோக்கியில் பார்த்தேன்: நடுவுக்கு இரண்டு விரல் மேலே. வட்டமான ஓட்டை.

இரண்டாவது, முதலாவதுக்குப் பக்கத்தில்.

மூன்றாவதுக்கு அக்கா விசையை இழுத்தார். 'டிக்' என்று மட்டும் கேட்டது. சுத்தியல் விழுந்து, மருந்துக்கு நெருப்பு வைக்கும் வெடித்தொப்பி பொரிந்தது. துவக்கு வெடிக்கவில்லை.

இப்படி நடந்தால் துவக்கை இறக்கவும் கூடாது, திரும்பவும் கூடாது. நெருப்பு உள்ளே எங்காவது ஊர்ந்துகொண்டிருக்கலாம். வாயை இலக்கின் பக்கம் வைத்தபடி ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும். அக்கா நின்றார். எல்கெ மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, அக்காவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அறுபது விநாடி அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் நான் எங்கும் எழுதியதில்லை.

பிறகு அக்கா தொப்பி இருக்கும் குழாயை ஊசியால் குத்தித் துப்புரவாக்கினார். அதை அவர் செய்த விதத்தில் ஒரு தாதியைப் பார்க்கலாம். புதுத் தொப்பி. மூச்சை விட்டார். சுட்டார்.

இந்த முறை அக்கா கேட்கும் முன்பே தொலைநோக்கியைத் தூக்கினேன்.

ஓட்டை தட்டின் விளிம்பில் இருந்தது. உள்ளேயா வெளியேயா என்று தொலைநோக்கி சொல்லவில்லை. எல்லோரும் நடந்தோம். எல்கெ தன் சட்டைப்பையில் இருந்து ஓர் ஈய உருண்டையை எடுத்து அந்த ஓட்டையில் வைத்தார். உருண்டையின் பாதிக்கு மேல் தட்டில் இருந்தது.

"உள்ளே" என்றார்.

ஹெர் ப்ரூன்ஸ் கைதட்டினார். ஒருவர் மட்டும் தட்டும் கைதட்டல் மழையில் விநோதமாகக் கேட்டது. பிறகு நானும் சேர்ந்துகொண்டேன்.

எல்கெ சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு கேள்வி" என்றார். "காட்டில் எவ்வளவு தூரத்துக்குச் சுடுவீர்கள்?"

"ஐம்பது மீற்றர். அதற்கு மேலே இல்லை."

"நல்ல பன்றி அறுபதில் நின்றால்?"

"அறுபதில் நிற்கட்டும்."

எல்கெ தலையசைத்தார். அந்தப் பதிலுக்கு அவர் மதிப்பெண் போட்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "இந்த முறை வாருங்கள். அடுத்த வருடம் பற்றி அங்கே பார்ப்போம்" என்றார். கிடைத்தது ஒரு வார இறுதி. நிரந்தர இடம் இல்லை. அக்கா அதையும் புரிந்துகொண்டார்.

தொலைபேசி

வேட்டைக்கு நான் போகவில்லை. இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிறு பின்னேரம், சாந்தி தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா அழைத்தார். கொப்பியை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

"பண்டி வந்ததோ அக்கா?"

"வந்தது. நல்ல பெரிய பண்டி. பன்னைச் செடியளுக்குள்ளாலை வந்து அப்பிடியே பக்கப்பாட்டுக்கு நிண்டது. படம் பிடிக்க நிக்கிற மாதிரி."

"எவ்வளவு தூரம்?"

"எழுபது இருக்கும். விடியவே போய் ஐம்பது மீற்றரிலை ஒரு மரத்தைக் குறிச்சு வைச்சனான். அதுக்கு நல்லா அங்காலை."

"சுட்டியளே?"

"சுத்தியலை இழுத்தனான். பிறகு மெல்ல இறக்கிப்போட்டன். அது என்ரை தூரம் இல்லை தம்பி. காயத்தோடை ஓடினால் அது எங்கை போய்ச் சாகும்? ஆர் தேடுறது?"

"கூர்க்குண்டு எண்டால்?"

"ப்ரூன்ஸ் நிண்டிருந்தால் சுட்டிருப்பார், பண்டியும் விழுந்திருக்கும். அவரின்ரை துவக்குக்கு அது சரி. என்ரை துவக்குக்கு இது சரி. அது கொஞ்சம் நிண்டு என்னைப் பாத்திட்டுப் போட்டுது."

அதற்குப் பிறகு வேறு பன்றி ஒன்றும் வரவில்லை. இரண்டு நாளும் குளிரில் நின்று, வெடி வைக்காமல் திரும்பியது எட்டுப் பேரில் அக்கா மட்டும்தான். இரண்டு வருடம் கேட்டுப் பெற்ற இடம். வெறுங்கையோடு போன விருந்தாளியை மறுபடி அழைப்பார்களா?

"அப்ப அடுத்த வருசம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எல்கெ பக்கத்து மேட்டிலை நிண்டவ. எல்லாத்தையும் பாத்திருக்கிறா. எனக்குத் தெரியாது. பின்னேரம் குடிலிலை சூப் குடிக்கேக்கை சுவரிலை காட்டு வரைபடம் ஒண்டு கொழுவிக் கிடந்தது, அடுத்த வருசம் ஆர் ஆர் எங்கை நிக்கிறது எண்டு. அவ எழும்பிப் போய் அதிலை என்ரை பேரை எழுதிப்போட்டு, ஒண்டும் கதைக்காமல் வந்து சூப்பைக் குடிச்சா."

"எந்த இடத்திலை எழுதினவ?"

"ஒரு பள்ளம் இருக்காம். ரெண்டு பக்கமும் பாறை. அதிலை நிண்டால் நாற்பது மீற்றருக்கு அங்காலை ஒண்டும் தெரியாதாம். வாற பண்டி என்ரை மடியிலைதான் வந்து விழ வேணும்."

அக்கா சிரித்தார். சாந்திக்கும் கேட்டிருக்க வேண்டும், அவரும் சிரித்தார். எனக்கு இன்னும் ஒரு விபரம் தேவைப்பட்டது.

"பென்சிலாலையோ, பேனையாலையோ எழுதினவ?"

"பேனையாலை, தம்பி. நான் கிட்டப் போய்ப் பாத்தனான்."